சம்பு ஓடையின் புது விலாசம்

ஓடை இடம் மாறிவிட்டது என்று அதுவரை யாரும் சங்கரேஸ்வரியிடம் வந்து நின்றதில்லை.

மாப்பிள்ளை குடிப்பாரா, மருமகளுக்கு முன்கதை ஏதும் உண்டா, துபாயில் இருக்கும் புருஷன் அங்கே தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறானா... இந்த மூன்று கேள்விகளின் புண்ணியத்தில்தான் தென்காசி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம் ஆறு வருடமாக ஓடுகிறது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். புகார்களை எழுதி எழுதியே, வந்தவர் நாற்காலியில் உட்காரும் விதத்தை வைத்து மெய்யா பொய்யா என்று சொல்லிவிடுவாள். பொய்ப் புகார்க்காரர்கள் நன்றாகச் சாய்ந்து உட்காருவார்கள். இன்று வந்திருந்த ஆனந்தவள்ளியோ நாற்காலியின் நுனியில் இருந்தாள்.

"ரெண்டு மாசம் முன்ன நான் ஊருக்குப் போவும்போது ஓடை கிணத்துக்கு மேக்க கெடந்துச்சுக்கா. முந்தாநாள் வந்து பாத்தா கிணத்துக்குக் கிழக்க கெடக்கு."

"தானா நடந்து போயிருக்கும். வீட்டுல ஆள் இல்லன்னா எங்க பூனையே பக்கத்து வீட்டுக்குப் போயிருதுல்லா" என்றான் ஆசிக்.

முகம்மது ஆசிக் அவளுடைய உதவியாளன். ஷார்ஜாவில் நாலு வருடம் சூப்பர்மார்க்கெட் கேமராக்கள் முன்னால் உட்கார்ந்து திருடர்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே எட்டு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம். அதற்கெல்லாம் சேர்த்து இப்போது பேசிக்கொண்டிருக்கிறான்.

சங்கரேஸ்வரி ஒரு பார்வை பார்த்தாள். அவன் குடையைத் துடைக்க ஆரம்பித்தான்.

விஷயம் இதுதான். ஆனந்தவள்ளியின் அப்பாவும் பெரியப்பாவும் நாற்பது வருடத்துக்கு முன் இலஞ்சி நிலத்தைப் பாகம் பிரித்தபோது அளக்க ஆள் தேடவில்லை. நடுவில் சம்புக் கோரை மண்டிக் கிடந்த ஓடையைக் காட்டி, 'ஓடைக்கு மேற்கே மூத்தவர், கிழக்கே இளையவர்' என்று பத்திரம் எழுதிக்கொண்டார்கள். செடிக்கும் தண்ணீருக்கும் அவ்வளவு மரியாதை. பட்டா இன்றுவரை கூட்டுப் பட்டா. அதை உட்பிரிவு செய்ய இன்று மதியம் மூன்று மணிக்கு சர்வேயர் வருகிறார். பத்திரத்தைப் படிப்பார், ஓடையைப் பார்ப்பார், ஓடைக்கு நடுவில் டேப் பிடிப்பார். கிணறு பெரியப்பா மகன் குற்றாலீஸ்வரனுக்குப் போய்விடும். அவர் அங்கே சீசனுக்கு வருகிறவர்களுக்காக நீச்சல் குளத்தோடு ஆறு குடில் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனந்தவள்ளியோ வெண்டையும் கத்திரியும் போட்டுப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவள். கிணறு இல்லாமல் அவளுக்குத் தோட்டம் இல்லை.

புருஷனுக்கு ஆபரேஷன் என்று அவள் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதத்துக்குள் இது நடந்திருக்கிறது.

"பழைய போட்டோ ஏதும்?" என்று கேட்டாள் சங்கரேஸ்வரி.

"கத்திரிக்காய் போட்டோ நெறைய இருக்குக்கா. வியாபாரிக்கு அனுப்புதது. ஓடையை யாரு போட்டோ எடுப்பா?"

ஆசிக் தன் போனில் செயற்கைக்கோள் எடுத்த படத்தை விரித்துப் பார்த்தான். "தென்ன மட்டைதான் தெரியுது. மட்டைக்குக் கீழ ஓடையும் இருக்கலாம், ஒட்டகமும் இருக்கலாம்."

"அக்கம்பக்கம்?"

"எல்லா தோப்புக்காரங்களும் வெளிநாட்டுல. தெக்க பால்வண்ணநாதன் அண்ணாச்சி மட்டும்தான். ரிட்டயர்டு எஸ்.ஐ. அவரு சொன்னா சர்வேயரும் கேப்பாரு. ஆனா அவரு, ஓடை எப்பவும் இங்கனதாம்மா கெடந்துச்சு, நீ ஆஸ்பத்திரி அலைச்சல்ல கொழம்பிட்டேங்காரு."

சங்கரேஸ்வரிக்குச் சுருக்கென்றது. பால்வண்ணநாதனிடம் அவள் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்கிறாள். அவர் சொல்லச் சொல்ல எழுதிய எதையும் அவள் பின்னால் அடித்துத் திருத்தியது கிடையாது. ஒரு நிமிடம், இந்தப் பெண்தான் குழம்பியிருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் நாற்காலியின் நுனி நுனிதான்.

"ஆசிக், வண்டியை எடு."

குற்றாலம் ரோட்டில் சீசன் கூட்டம். சாரலில் நனைந்தபடி, துண்டு கட்டிய குடும்பங்கள் வேனுக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே திரிந்தன. ஸ்கூட்டர் அவர்களைச் சுற்றி வளைந்து இலஞ்சிக்குப் போய்ச் சேர மணி பதினொன்று ஆகிவிட்டது.

ஓடை ஒரு குற்றமும் செய்யாத முகத்தோடு கிடந்தது. ஆள் உயரத்துக்குச் சம்பு, நுனியில் பழுப்புக் கதிர், அடியில் கலங்கல் தண்ணீர். கரை நெடுக முழங்கால் வரை பச்சைப்புல். தெற்கு முனையில், பால்வண்ணநாதன் தோப்பை ஒட்டி மட்டும் பத்தடிக்கு வெறும் மண்.

"அருமையா இருக்கே. நூறு வருசமா இங்கனயே கெடக்கிற மாதிரி" என்றான் ஆசிக்.

ஆனந்தவள்ளி தன் மாட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அது கரைப்புல்லை விட்டு வருவேனா என்று அடம் பிடித்தது. "இத்தன வருசத்துல நீ இங்கன மேஞ்சிருக்கியாட்டி? ஓடைக்கரைன்னா எட்டிப் பாக்க மாட்டா. இன்னைக்கு என்னமோ விருந்து வச்ச மாதிரி..."

"ஏன் எட்டிப் பாக்காது?" சங்கரேஸ்வரி திரும்பினாள்.

"மேய என்னக்கா இருக்கும்? சம்புக்கரையில புல்லே கெடையாதே. எங்கம்மாகூட அங்கன புல்லறுக்கப் போவ மாட்டா."

சங்கரேஸ்வரி குனிந்து புல்லைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மாட்டைப் பார்த்தாள். சாட்சி சொல்ல வந்தது மாடு என்பதால் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க முடியாதே என்று அவளுக்கு வருத்தம். உடனே செங்கோட்டைக்குப் போன் போட்டாள். அங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஜாய், போலீஸ் காலத்திலிருந்தே பழக்கம்.

"சரிதான் சேச்சி" என்றாள் ஜாய். "சம்போட இலையும் கிழங்கும் அழுகி ஊறும்போது ஒரு சாறு மண்ணுல இறங்கும். பக்கத்துல விழுற புல் விதை சரியா முளைக்காது. முளைச்சாலும் வேர் குட்டையாப் போயிரும். தனக்கு இடம் வேணும்னா அது அப்படித்தான் பக்கத்து வீட்டுக்காரனை விரட்டும்."

"அப்போ சம்பு காலடியிலயே புல்லு கொழுத்து நின்னா?"

"சம்பு அங்க குடிவந்து ரொம்ப நாள் ஆகலைன்னு நெனைக்கலாம். ஆனா மண்ணு, நெழலு, தண்ணி எல்லாம் பாக்கணும் கேட்டீங்களா. கோர்ட்டுல கூண்டேறிச் சத்தியம் பண்ணச் சொன்னா நான் மாட்டேன்."

சங்கரேஸ்வரி போனை வைத்துவிட்டுக் கிணற்றைத் தாண்டி மேற்கே நடந்தாள். அங்கே இரண்டு மாதச் சாரலில் தரையெல்லாம் பச்சை பிடித்திருந்தது, இரண்டே இரண்டு கோடுகள் தவிர. வடக்கிலிருந்து தெற்கு வரை, ஒன்றுக்கொன்று இணையாக, வழுக்கை விழுந்த இரண்டு நீளக் கோடுகள்.

"டிராக்டர் போன தடம்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. குற்றாலீஸ்வரன். "செங்கல் இறக்குதோம்லா. அதான் புல்லு செத்துக் கெடக்கு. தங்கச்சி மனசு சரியில்லாம இருக்கா, நீங்க பெரிய மனசு பண்ணி எடுத்துச் சொல்லுங்க. காப்பி சாப்பிடுதீயளா?"

ஆசிக் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குக் காலால் அடி வைத்து நடந்தான். "ஒன்பதடி. அண்ணாச்சி, சக்கரத்துக்குச் சக்கரம் ஒன்பதடி இருக்கிற டிராக்டர் எங்க விக்குது? எங்க மாமா ஒருத்தர் ரொம்ப அகலம், அவருக்கு வாங்கணும்."

குற்றாலீஸ்வரனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. டிராக்டர் என்றால் நாலைந்து அடி. ஒன்பதடி என்றால் ஓர் ஓடையும் அதன் இரண்டு கரையும். புது மண் போட்டு மூடிய நடுவில் புல் வந்துவிட்டது, சம்புச் சாறு ஊறிய கரைகளில் முளைக்கவில்லை.

சங்கரேஸ்வரி காப்பி வேண்டாம் என்றாள். பிறகு மழை வருமா என்று விசாரிக்கிற தொனியில் சொன்னாள்: "சர்வேயர் வந்ததும் நான் ஒண்ணே ஒண்ணுதான் காட்டப் போறேன். சம்பு இருக்கிற கரையில புல்லு வளராது. உங்க ஓடைக்கரையில முழங்கால் புல்லு நிக்குது. அப்போ அது புது ஓடை. அவ்வளவுதான், நான் வாறேன்."

தோட்டத்து வாசல் தாண்டியதும் ஆசிக் தலையில் அடித்துக்கொண்டான். "பரீட்சைக்கு முந்தியே கேள்வித்தாளைக் குடுத்துட்டீயளே! அக்கா, நீங்க போலீஸ்ல இருந்தீயளா, இல்ல பிடிபட்டுப் போனீயளா?"

"ஜாய் சொன்னதைக் கேட்டேல்லா. புல்லை வச்சு சர்வேயர்கிட்ட நிரூபிக்க முடியாது. செஞ்சவன்தான் நிரூபிக்கணும்." அவள் மணியைப் பார்த்தாள். "பன்னெண்டு மணிக்கு பால்வண்ணநாதன் ஐயா ஐந்தருவியில குளிக்க நிப்பாரு. முப்பது வருசப் பழக்கம், சீசன்ல ஒரு நாள் தப்ப மாட்டாரு. நீ போயி அவர்கிட்ட இதைத் தலைகீழாச் சொல்லு."

"தலைகீழான்னா?"

"சம்பு இருந்தா புல்லு நல்லா வளரும்னு சொல்லு. தெக்கு முனையில புல்லு இல்ல, அதனால அதுதான் புது ஓடைன்னு நான் காட்டப் போறேன்னு சொல்லு."

ஆசிக் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பாமல் நின்றான். "அவரு நல்ல மனுசன்னு நீங்க எப்பவும் சொல்வீயளே?"

"நல்ல மனுசன்னா கேட்டுட்டு, தலையைத் துவட்டிட்டு, சாப்பிடப் போயிருவாரு." சங்கரேஸ்வரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்படித்தான் போவாரு. போகணும்."

ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பால்வண்ணநாதன் உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, ஆண்கள் பக்கம் மூன்றாவது அருவிக்கு அடியில் நின்றார். ஆசிக் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்தான். ரகசியம் சொல்ல உலகத்திலேயே மோசமான இடம் அது.

"அண்ணாச்சி! எங்கக்கா ஒரு திட்டம் போட்டிருக்கா!" என்று அவன் கத்தினான்.

"என்னது?"

"யார்கிட்டயும் சொல்லாதீய! சம்பு இருந்தா புல்லு செழிப்பா வளருமாம்! உங்க தோப்போரம் தெக்கு முனையில புல்லே இல்லியாம்! அதைக் காட்டி ஓடை புதுசுன்னு சொல்லப் போறா!"

மதுரையிலிருந்து வந்த பதினைந்து பேர் அந்த ரகசியத்தைக் கேட்டார்கள். ஒருவர் சோப்பை நிறுத்திவிட்டு, "அப்படியா?" என்றுகூட விசாரித்தார். பால்வண்ணநாதன் மட்டும் திருப்பி ஒன்றும் விசாரிக்கவில்லை. வழக்கமாக ஒரு மணி நேரம் நிற்கிறவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, எண்ணெய் போகாத தலையோடே சட்டையை மாட்டினார்.

மணி இரண்டு. கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் பின்னால் நாலு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். சங்கரேஸ்வரி, ஆசிக், ஆனந்தவள்ளி, நாலாவதாக சர்வேயர் பரமேஸ்வரன். ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் அளப்பது சுலபமாக இருக்கும் என்று சங்கரேஸ்வரி போனில் கேட்டுக்கொண்டதன் பேரில் வந்திருந்தார். ஏன் ஒளிய வேண்டும் என்பது மட்டும் அவருக்கு இன்னும் புரியவில்லை.

வடக்கு முனையில் வெள்ளை வேட்டி தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார் குற்றாலீஸ்வரன். குடில் வேலைக்கு வந்த கொத்தனார்களையும் சித்தாள்களையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. குனிந்து, கரைப்புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி ஓடைக்குள் எறிந்தபடி பின்பக்கமாக நகர்ந்து வந்தார். காரைத் தவிர வேறெதையும் துடைத்துப் பழகாத கை, வேகமாக வேலை செய்தது.

"ஒரு ஆள் வந்தாச்சு" என்று ஆசிக் முணுமுணுத்தான்.

சங்கரேஸ்வரி தெற்கு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் வரக்கூடாது என்று அவள் மனதார விரும்பினாள்.

தோப்பு வேலியை விலக்கிக்கொண்டு ஒரு சாந்துச்சட்டி வந்தது. அதன் பின்னால் பால்வண்ணநாதன். சட்டி நிறைய, மண்வெட்டியால் செதுக்கி எடுத்த புல் பத்தைகள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெறும் மண்ணில் ஒவ்வொரு பத்தையாக வைத்து உள்ளங்கையால் தட்டினார். நாற்று நடுகிறவர்களைப் போல அவரும் பின்பக்கமாகவே நகர்ந்தார்.

சங்கரேஸ்வரி கண்ணை மூடித் திறந்தாள்.

தெற்கு முனை நிரம்பியும் பால்வண்ணநாதன் நிறுத்தவில்லை. புல் அதிகம் இருந்தால் ஓடைக்குக் கூடுதல் வயசு கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டியோடு வடக்கே வந்தார். குற்றாலீஸ்வரன் தெற்கே வந்தார். சாரல் சத்தத்தில் ஒருவர் வருவது ஒருவருக்குக் கேட்கவில்லை. சரியாக ஓடைக்கரையின் நடுவில், இரண்டு பேருடைய பின்பக்கமும் மோதிக்கொண்டன.

"யாருவே அது!"

"அண்ணாச்சி! நீரு இங்கன என்ன செய்யுதீரு?"

"புல்லு நடுதேன். நீ?"

"புல்லைப் பிடுங்குதேன்!"

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? புல்லு இருந்தாத்தான பழைய ஓடை!"

"எவன் சொன்னான்? புல்லு இருந்தா புது ஓடைன்னு அந்தப் பொம்பள என் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போறா!"

"என்கிட்ட அந்தப் பய அருவியில வந்து..." பால்வண்ணநாதன் நிறுத்தினார். அவருக்குள் இருந்த எஸ்.ஐ. கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டார். குற்றாலீஸ்வரனுக்கு அந்த வசதி இல்லை.

"ஓடையை மாத்தும்போது ரெண்டு பேரும் சேந்துதான மாத்துனோம்? இதுக்கு மட்டும் என்னைய ஒரு வார்த்த கேக்கப்படாதாவே? அரை மணி நேரமா முதுகு ஒடியப் பிடுங்குதேன்!"

மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து ஒரு குடை விரிந்தது. அதன் கீழே சர்வேயர் பரமேஸ்வரன் நடந்து வந்தார்.

"வணக்கம். மாத்துனது எங்கேருந்து எங்கேன்னு மட்டும் காட்டிருங்க. டேப் பிடிக்கணும்" என்றார்.

யாரும் காட்டவில்லை. தேவையும் இல்லாமல் போயிற்று. அவரே கிணற்றைத் தாண்டி மேற்கே போய், அந்த இரண்டு வழுக்கைக் கோடுகளுக்கு நடுவில் கடப்பாரையால் ஒரு முழம் குத்திப் பார்த்தார். கறுப்புச் சேறும் மக்கிய சம்புக் கிழங்கும் மேலே வந்தன. பத்திரத்தை இன்னொரு முறை படித்தார். பழைய ஓடையின் நடுவில் முதல் முளையை அடித்தார். கிணறு முழுசாக, மோட்டார் ரூமும் சேர்த்து, கிழக்கே நின்றது.

ஆனந்தவள்ளி அந்த முளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழ மாட்டாள் என்று ஆசிக் நினைத்தான். அழுதுவிட்டாள்.

"குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி" என்றாள் சங்கரேஸ்வரி, "ஒரு மாசத்துல ஓடை பழைய எடத்துல இருக்கணும். சம்பும் சேத்து. இல்லன்னா நீங்க இப்ப சொன்னதெல்லாம் புகாரா ஸ்டேஷனுக்குப் போவும்." குற்றாலீஸ்வரன் தலையசைத்துவிட்டு, வேட்டி முழுக்கச் சேற்றோடு குடில் பக்கம் போனார். காரில் ஏற அவருக்கே மனசு வரவில்லை, நடந்தே போனார்.

பால்வண்ணநாதன் காலி சாந்துச்சட்டியோடு நின்றார். சங்கரேஸ்வரி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் ஐயா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசமா என் கிணத்துல சொட்டுத் தண்ணி இல்ல. தென்னையெல்லாம் மொட்டையாகுது. இந்தக் கிணறு அவன் கைக்கு வந்தா எனக்கு ஒரு குழாய் இழுத்துத் தாறேன்னான்."

"அதுக்கா?" என்றது ஆனந்தவள்ளியின் குரல். "வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, 'வள்ளி, எனக்குத் தண்ணி வேணும்'னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே குழாய் போட்டுத் தந்திருப்பேனே அண்ணாச்சி."

பால்வண்ணநாதன் சட்டியைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். அவர் முகத்தைப் பார்க்க சங்கரேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. கோபமா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும்தான்.

ஆனந்தவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவும் இல்லங்கல. தண்ணி தாறேன். குழாய் கெடையாது. கெணத்துல எறைச்சு, கொடத்துல சொமந்துட்டுப் போங்க. எத்தன தென்னை?"

"இருபத்திரண்டு."

"மரத்துக்கு ரெண்டு கொடம். ஒரு வருசம். பொறவு குழாயைப் பத்திப் பேசுவோம்."

ஆசிக் விரல்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தான். சங்கரேஸ்வரி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பால்வண்ணநாதன் கிணற்றோரம் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, ஒரு காலத்தில் ஸ்டேஷனே நடுங்கிய அந்தக் குரலில் கேட்டார்.

"காலையிலயா சாயங்காலமாம்மா?"

"காலையில" என்றாள் ஆனந்தவள்ளி. "நான் வெண்டைக்காய் பறிக்கும்போது. நீங்க சொமக்கதை நான் பாக்கணும்."

"கொடம்?"

"அதையுமா நான் தரணும்?"